முதலில் இறங்குகிறவன்

ஆரம்பாக்கம்
ஜூன் 9

பிரின்சி அக்காவுக்கு, ஜெபா எழுதுவது.

உன் மருந்துக்காக நீ நம் தம்பி ஜெரால்டைச் செலவழித்துவிட்டாய்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் கும்பிடு பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போயிருப்பாய். மெயிலில் அனுப்பியிருந்தால் அப்புறம் படிக்கலாம் என்று ஒதுக்கியிருப்பாய். அதனால்தான் பேப்பரில் எழுதிக் கும்மிடிப்பூண்டியிலிருந்து கூரியர் போடுகிறேன். ஜெர்மனியில் நீ கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா பரவாயில்லை. நைனாவுக்கு இருமல் கூடிவிட்டது. நம் தெருவில் கால்வாய் தோண்டினார்கள், மூடவில்லை. எல்லார் வீட்டு வாசலிலும் பலகை போட்டுத் தாண்டுகிறோம். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் துணியில் கரி படிகிறது. நான் அதே பம்ப் கம்பெனியில்தான் இருக்கிறேன், ரப்பர் வாஷரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை, இன்னும் காண்ட்ராக்ட்தான். மைக்ரோபயாலஜி படித்தவள் வாஷர் பார்க்கிறாள் என்று நீ வருத்தப்பட வேண்டாம். வெடித்த வாஷரை நான் நல்லது என்று எழுதி அனுப்புவதில்லை.

ஜெரால்டுக்கு வலது முழங்கால் மறுபடி வீங்கிவிட்டது. தொட்டால் சுடுகிறது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நாவல் பழ நிறத்தில் இருக்கிறது. காலை மடக்க முடியாமல், எடைமேடை ஆபீஸில் இன்னொரு நாற்காலி போட்டு நீட்டிவைத்துக்கொண்டு லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறான். லாரிக்காரர்கள் கேட்டால், முட்டிய எடை போட்டுக்கினு இருக்கேன், லோடு ஏறிக்கினே போவுது என்கிறானாம்.

உன் படிப்பை நான் மட்டமாகப் பேச வரவில்லை. இவனுக்கு ரத்தம் உறையாத நோய் என்று டாக்டர் சொன்னபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் தலையணை நனைந்து கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு, சென்னை ஆஸ்பத்திரிக்கு ரயில் பிடிக்க அம்மா ஸ்டேஷனுக்கு ஓடுவாள். பின்னால் துணிமூட்டையோடு நீ ஓடுவாய். அந்த ஓட்டம்தான் உன்னைப் படிக்கவைத்தது. சென்னையில் கல்லூரி, பெங்களூரில் ஆராய்ச்சி, அப்புறம் ஜெர்மனி. பெங்களூரில் இருந்த வருடங்களில் ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட நீ முழுதாக வீட்டில் இருந்ததில்லை. லேப்ல வளக்குற செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும் என்று கேக்கை டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாய். அது இன்னா மாடா கன்னா, ஒரு நாளு பட்டினி கெடந்தா செத்துடுமா என்று நைனா கேட்டார். ஆமா நைனா, செத்துடும் என்றாய்.

ரத்தம் உறையாத எலிக்கு உன் மருந்தை ஏற்றிய வைரஸைப் போட்டு, அதன் வாலைக் கீறினபோது ரத்தம் தானாக நின்றுவிட்டது என்று அழுதுகொண்டே போன் செய்தாய். அம்மா கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். எலி பிழைத்ததற்குக் கேசரி சாப்பிட்ட தெரு உலகத்தில் நம் தெரு ஒன்றாகத்தான் இருக்கும்.

மனுஷனுக்கும் வைரஸைத்தான் போடுவார்கள் என்றதும் அம்மா நடுங்கிவிட்டாள். நீதான் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். ஷேர் ஆட்டோல இருக்கிற ரவுடிய எறக்கிட்டு டாக்டர ஏத்தி அனுப்புறோம்மா, அந்த ஆட்டோவுக்கு ஈரலுக்குப் போற வழி நல்லா தெரியும், டாக்டரு அங்க எறங்கி, ரத்தம் உறையறதுக்கு வேண்டியத அங்கயே செஞ்சு குடுத்துக்கினு இருப்பாரு, வாரா வாரம் ஊசிக்கு ஓட வேணாம் என்றாய். இன்னா கலரு ஆட்டோக்கா என்று ஜெரால்டு கேட்டான். எல்லாரும் சிரித்தோம்.

நீ சொல்லாமல் விட்டதை இப்போது நான் சொல்கிறேன். உடம்பு அந்த ஆட்டோவை அடையாளம் வைத்துக்கொள்ளும். மறுபடி அதுவோ, அந்த ஜாடையில் இன்னொன்றோ வந்தால், உள்ளே டாக்டரே உட்கார்ந்திருந்தாலும் வழியிலேயே அடித்து நொறுக்கிவிடும். ஆகவே ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். இந்தச் சோதனையில் முதலில் வருகிறவர்களுக்குக் கொஞ்சமாகக் கொடுப்பார்கள், உயிருக்கு ஆபத்து வருகிறதா என்று பார்க்க. குணமாக்குகிற அளவு பின்னால் வருகிறவர்களுக்குத்தான். முதலில் போனவனுக்கு அந்தப் பெரிய அளவு ஒருபோதும் கிடையாது. இது ஊசி போடுகிற அன்றைக்கே உனக்குத் தெரியும்.

சென்னையில் முதல் குழுவுக்கு ஆள் சேராமல் உன் கம்பெனி முழித்துக்கொண்டிருந்தது. நீ ஜெரால்டுக்குப் போன் செய்து, மொத ஆளா போயி நில்லுடா, அக்கா இருக்கேன் என்றாய். எல்லாம் காகிதத்தில் இருந்தது, அவன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான் என்பாய். அத்தனை பக்கத்தையும் அவன் படிக்கவில்லை. உன்னை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

நைனா சிப்காட்டில் பார்த்த வேலையை மறந்துவிட்டாயா? கெமிக்கல் டாங்க் கழுவ வேண்டுமென்றால் அவர் இடுப்பில் கயிறு கட்டி முதலில் இறக்குவார்கள். மேலே நிற்கிற இன்ஜினியர் நைனா பெயரைச் சொல்லி, யேசுதாஸ், எப்படி இருக்கு என்று குரல் கொடுப்பார். நைனா மயங்கி விழவில்லை என்றால் அப்புறம் மற்றவர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். அந்த இருமல் அந்த டாங்க்கில் வாங்கியது. நம் வீட்டிலிருந்தும் ஒருத்தி மேலே நிற்கிற ஆளாகிவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். நைனா பார்த்த அதே வேலையை நீ ஜெரால்டுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

இதை எனக்குச் சொன்னது யார் என்று யோசிப்பாய். போன மாதம் சென்னையில் வேறொரு கம்பெனி இதே மாதிரி மருந்துக்கு ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு அவனைக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சேர்க்க முடியாது என்றார்கள். அந்த டாக்டரம்மா என்னைத் தனியாக நிறுத்தி விளக்கினாள். அவனிடம் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னாள். அவனுக்குப் புரிந்தது, இந்த வாட்டி இல்ல, அடுத்த வாட்டி என்பதுதான்.

இப்போது நடப்பதைக் கேள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கிற, ரத்தத்தை உறையவைக்கிற ஃபேக்டர் ஊசியை அவன் நிறுத்திவிட்டான். ரத்தம் கசிந்தாலும் போவதில்லை. ஊசி போட்டதாகப் பதிவானால், உன் கம்பெனி அவன் பெயரை இரண்டாவது டோஸ் லிஸ்டிலிருந்து அடித்துவிடும் என்று அவனாகவே நம்புகிறான். அப்படி ஒரு லிஸ்டே இல்லை என்று நான் சொன்னால், நீ இன்னா சயின்டிஸ்ட்டா, வாஷர் பாக்குறவதானே, அக்கா சொல்லட்டும் என்கிறான்.

நீ சொல்ல வேண்டியது ஒரே வரி. இரண்டாவது டோஸ் கிடையாது, போய் ஊசி போட்டுக்கொள் என்று சொல். அவனிடம் நேராகச் சொல்.

இப்படிக்கு,
ஜெபா


ஆரம்பாக்கம்
ஜூலை 2

பிரின்சி அக்காவுக்கு,

என் கடிதத்துக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ரயிலில் நின்றுகொண்டு கேட்டேன். நான் அறிவியலை உணர்ச்சிவசப்பட்டுப் பார்க்கிறேன் என்றாய். குறைந்த அளவு வாங்கியவர்களால்தான் பின்னால் வந்தவர்களுக்குச் சரியான அளவு தெரிந்தது என்றாய். மருத்துவக் குழுவிடம் சொல்லியிருக்கிறாயாம், அவர்கள் முறைப்படி தொடர்புகொள்வார்களாம். மருந்தை விற்க அனுமதி கேட்டுக் கம்பெனி விண்ணப்பித்திருக்கிற நேரம், இதை யாரிடமும் பேசாதே என்றாய்.  கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் ஓரமாகப் போய்த் துப்பினேன்.

பார்சலும் வந்தது. முழங்காலுக்கு மாட்டுகிற உறை, சாக்லேட், நைனாவுக்கு ஸ்வெட்டர். ஜூலை மாதத்தில் ஆரம்பாக்கத்துக்கு ஸ்வெட்டர். நைனா ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டினார். கழற்றுங்கள் என்றால், பொண்ணு அனுப்பிக்கிறா, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றார். இந்த வீட்டில் எல்லாரும் இப்படித்தான். நீ அனுப்பியது எதுவானாலும் போட்டுக்கொள்வார்கள்.

உறை ஜெரால்டின் காலில் ஏறவில்லை. வீக்கம் அவ்வளவு.

அவன் பிறந்தநாளுக்கு நீ கூப்பிட்டாய் அல்லவா? நான் பக்கத்தில்தான் இருந்தேன். சொல்லப்போகிறாய் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேக்கு சாப்ட்டியா, முட்டி எப்பிடி இருக்கு, கவலைப்படாத, பாத்துக்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தப் பாத்துக்கலாம் என்கிற வார்த்தை இப்போது எங்கள் வீட்டில் வேதவாக்கியம். அக்கா பாத்துக்கலாம்னா லிஸ்ட்ல பேரு இருக்குதுன்னு அர்த்தம், கம்பெனி ரகசியம், வெளிய சொல்ல முடியாது, உனக்கு இன்னா தெரியும் என்று என்னைக் கேட்கிறான். அதற்கு முந்தின நாள் அம்மா கெஞ்சி, அவனை ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதிக்கவைத்திருந்தாள். நீ கூப்பிட்ட பிறகு போகவில்லை.

இன்னொரு அசிங்கமும் நடக்கிறது. நம் ஜெப வீட்டு சாலமோன் பாஸ்டரை உனக்குத் தெரியும். ஊசி போட்ட புதிதில் சில மாதம் ஜெரால்டு நன்றாக இருந்தான், ரத்தம் அவ்வளவாகக் கசியவில்லை. அந்தச் சமயத்தில் அவனைச் சாட்சி சொல்ல மேடையேற்றினார். முழங்கால் மடக்க முடியாதிருந்த மகன் இன்று முழங்கால் படியிடுகிறான் என்று சொல்லி, எல்லார் முன்னாலும் சிமென்ட் தரையில் மண்டியிடவைத்தார். சனங்கள் அல்லேலூயா என்று அழுதார்கள். பெண்கள் வந்து அவன் முழங்காலைத் தொட்டுத் தங்கள் பிள்ளைகளின் தலையில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் அவன் மண்டியிட வேண்டியதாகிவிட்டது. மருந்தின் பலன் இறங்கிவிட்டது, சாட்சி மட்டும் நிற்கவில்லை. ரத்தம் உறையாதவனைச் சிமென்டில் மண்டியிடவைத்தால் என்ன ஆகும் என்று உன் எலிக்குக்கூடத் தெரியும்.

பாஸ்டரைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீயும் அதையேதான் செய்தாய். ஏதோ ஒரு மாநாட்டு மேடையில் நீ பேசிய வீடியோவை ஜெரால்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாது. திரை முழுக்க அவன் சின்ன வயது முழங்கால். இது என் தம்பி, இவனுக்காகத்தான் இந்தத் துறைக்கு வந்தேன், இன்று அவன் மருந்து இல்லாமல் வாழ்கிறான் என்கிறாய். கைதட்டல் நிற்கவே மாட்டேன் என்கிறது. நீ கண்ணைத் துடைத்துக்கொள்கிறாய். மருந்து இல்லாமல் வாழ்கிறான் என்பது இப்போது உண்மைதான். நீ சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று மருந்து இல்லாமல் வாழ்கிறான்.

பாஸ்டர் தகரக் கொட்டகையில் சாட்சி சொல்லவைக்கிறார், நீ குளிர்சாதன அரங்கில் சொல்லவைக்கிறாய். உனக்குப் பதவி உயர்வு வந்தது, அவருக்குக் கூட்டம் சேர்ந்தது. முழங்கால் இவனுடையது.

அடுத்த வாரம் சனிக்கிழமை கும்மிடிப்பூண்டியில் பாஸ்டரின் எழுப்புதல் ஜெபக் கூட்டம். பேனரில் ஜெரால்டின் படம் போட்டிருக்கிறார்கள். உன் வீடியோவையும் திரையில் போடப்போகிறார்களாம். அவனை மண்டியிடவைக்க வேண்டாம் என்று பாஸ்டரிடம் சண்டை போட்டேன். அவனே சொகமா இருக்கேன்னுதானே சொல்றான், அவங்க அக்கா அவ்ளோ பெரிய டாக்டரு, அவங்களே சொல்லிக்கிறாங்க, நீ இன்னாம்மா புதுசா கெளப்புற என்று கேட்டார்.  அவர் உன்னை நம்புகிறார்.

சனிக்கிழமைக்கு முன்னால் அவனைக் கூப்பிடு. மறுபடியும் பாத்துக்கலாம் என்று சொல்வதற்காகக் கூப்பிடாதே.

ஜெபா


சென்னை, அரசு ஆஸ்பத்திரி
ஜூலை 13

அக்கா,

கூரியருக்கு நேரமில்லை. எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை அவன் மண்டியிட்டான். உன் வீடியோ முடிந்து, கைதட்டி, விளக்கெல்லாம் போட்ட பிறகு கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் போனான். மண்டியிட்டவன் எழுந்திருக்கவில்லை. ஜெபம் செய்கிறான் என்று நினைத்து மொத்தக் கூட்டமும் கண்ணை மூடிக்கொண்டது. நான்தான் ஓடினேன். தொடைக்குள்ளே ரத்தம் கசிந்து கால் பந்து மாதிரி ஆகிவிட்டது. பாஸ்டர் தன் வேனிலேயே போட்டுக்கொண்டு வந்து சேர்த்தார்.

ஃபேக்டர் மருந்து இங்கே இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் தட்டில் வைத்திருக்கிறார்கள். அவன் கையை நீட்ட மறுக்கிறான். விவரம் தெரிந்த ஆள், சுயநினைவோடு வேண்டாம் என்கிறான், கட்டிப்போட்டுப் போட முடியாது, நினைவு தப்பினால் போட்டுவிடுவோம் என்கிறார் டாக்டர். அதுவரை காத்திருந்தால் கால் போகலாம், காலோடு நிற்காமலும் போகலாம் என்கிறார். இரண்டாவது டோஸ் உனக்குக் கிடையாது தம்பி என்று அவரும் சொல்லிப் பார்த்தார். நீங்க கம்பெனி ஆளு இல்லியே சார் என்கிறான் ஜெரால்டு. அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கம்மா, இப்ப போட்டுக்கினா இவ்ளோ நாளு தாங்குனது வேஸ்ட்டாயிடும் என்று அவளைச் சமாதானப்படுத்துகிறான். பேச்சுக்கு நடுவே உதட்டைக் கடித்துக்கொள்கிறான்.

இன்று காலை சாலமோன் பாஸ்டர் வந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள், நர்ஸ், தரை துடைக்கிற அம்மா, எல்லார் முன்னாலும் கட்டிலுக்குக் கீழே அவர் மண்டியிட்டார். நான் சொன்னது தப்புடா, நீ சொகமாவல, உன்ன வச்சி நான் பெருமைப்பட்டுக்கினேன், அந்தச் சாட்சிய நான் வாபஸ் வாங்கிக்கிறேன், ஞாயித்துக்கெழம சபையிலயும் சொல்றேன், ஊசி போட வேணாம்னு ஆண்டவர் எங்கயும் சொல்லலடா, போட்டுக்க என்று அழுதார். அந்த மனுஷனை நான் எவ்வளவோ அசிங்கமாகத் திட்டியிருக்கிறேன். அவர் எழுந்திருக்க நான்தான் கைகொடுத்தேன்.

ஜெரால்டு அவரைப் பார்த்துச் சிரித்தான். ஆண்டவருக்காக இல்ல பாஸ்டர், எங்க அக்காவுக்காக என்றான்.

இதுவரை எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். நீ பார்த்துவிட்டாய், நீல டிக் விழுந்துவிட்டது. டைப் செய்கிறாய் என்று காட்டியது. நின்றுவிட்டது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றுவிட்டது.

நீ என்ன யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது டோஸ் கிடையாது என்று உன் வாயால் சொன்னால், அது எப்போதிலிருந்து தெரியும் என்று அவன் கேட்பான். கேட்கமாட்டான் அக்கா. எனக்கு அவனைத் தெரியும். சரிக்கா, விடு என்பான். நீ பயப்படுவது அந்தச் சரிக்காவுக்குத்தான் என்றால், அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். வாழ்க்கை முழுக்க நீ செய்த ஆராய்ச்சிக்கு அவன் கொடுத்த காலுக்குப் பதிலாக உன்னிடம் கேட்பது ஒரு வரி. விண்ணப்பம், கம்பெனி, மருத்துவக் குழு என்று எதையும் இதற்குள் கொண்டுவராதே. யாரிடமும் அனுமதி வாங்காதே. நீ மேலே நிற்கிறாய். கயிறு உன் கையில் இருக்கிறது. இழு.

நைனா வெளியே பெஞ்சில் இருக்கிறார். உன் ஸ்வெட்டரைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். பிரின்சி கூப்ட்டாளா என்று இருமலுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருக்கிறார். நல்லா இரு என்று உனக்கு எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன்.

அவன் போன் அவன் தலையணையிலேயே இருக்கிறது. சத்தத்தைக் கூட்டிவைத்திருக்கிறேன். நர்ஸ் மருந்தோடு பக்கத்தில் நிற்கிறாள்.

கூப்பிடு. சொல்.

ஜெபா